நாற்பத்திரண்டு டொலர் தொண்ணூறு சதம்

ஸ்காபரோ, மார்க்கம் வீதியில்
பல் வைத்தியருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே
காசு மாற்றுகிற கடை.
மாசி மாதம். வாசலெல்லாம் உப்பும் சேறும்.
கண்ணாடிக்குப் பின்னால் மரிசெல்,
விரல் நுனியில் ரப்பர் தொப்பி.

பலகையில் சிவப்பாக இரண்டு எண்கள்.
யூரோவை அவர்கள் வாங்கினால் ஒன்று நாற்பத்திரண்டு,
விற்றால் ஒன்று ஐம்பத்து மூன்று.
வங்கிக்குப் போயிருக்கலாம்தான்.
வங்கி திறக்கிற நேரம் எனக்கு நித்திரை.
விடியும்வரை பேகிள் அவிகிற சட்டிக்கு முன்னால் நின்றவளுக்குப்
பேரம் பேசச் சத்தில்லை.

நானூறு யூரோ என்றேன்.
பெரிய நோட்டா, சின்னதா?
சின்னதும் வேணும்.
பஸ்ஸுக்கு, பாணுக்கு,
ஸ்டேஷனில் ஒன்றுக்குப் போகவும் காசு கேட்பார்கள் என்று
நிர்மலகாந்தி சொல்லியிருந்தாள்.

ஆறு ஐம்பது. நாலு இருபது. ஒரு பத்து. இரண்டு ஐந்து.
எங்கள் கனடாத் தாள் பிளாஸ்டிக், மடித்தால் துள்ளி நிமிரும்.
இது பருத்தி. சொன்னபடி மடிந்து கிடந்தது.
பின்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு பாலம்.
எந்த ஊர்ப் பாலம் என்று கேட்டேன்.
எந்த ஊரும் இல்லை என்றாள் மரிசெல்.
ஒரு நாட்டுப் பாலத்தைக் கீறினால்
மற்ற நாடு கோவிக்குமாம்.
அதனால் இல்லாத பாலங்களாகக் கீறியிருக்கிறார்களாம்.

வூப்பர்ட்டாலில் ரயில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு போகும்,
அடியில் ஆறு.
பத்தொன்பது வருஷமாய் அந்த ரயிலை எனக்குத் தெரியும்.
நிர்மலகாந்தியின் பேச்சுக்குக் குறுக்கே கிறீச்சிட்டுக் கடக்கும்.
அது போய் முடியும்வரை
இருவரும் போனைப் பிடித்தபடி பேசாமல் இருப்போம்.
வாற அண்டைக்கே ஏறுவம் என்றாள்.
டிக்கெட் நான்தான் எடுப்பன் என்றேன்.
இரண்டு ஐந்தும் அதற்குத்தான், ஆளுக்கொன்று.

உறையைக் கடவுச்சீட்டுக்குள் செருகி
நாளுக்கொரு தரம் எண்ணினேன்.
கூடவுமில்லை, குறையவுமில்லை.

எட்டு நாள் இருக்கும்போது செய்தி வந்தது.
"இப்ப வராதை. கோவிக்காதை. பிறகு சொல்லுறன்."
மூன்று வசனம்.
காரணம் நாலாவதில் இருந்திருக்கும்.
அழைத்தேன். மணி போனது, போனது.
ரயில்கூடக் கடக்கவில்லை.

மறுபடியும் அதே கண்ணாடி.
என் மடிப்பு அப்படியே இருந்ததில்
நோட்டுகளை அடையாளம் கண்டாள் மரிசெல்.
ஜெர்மனி எப்படி?
குளிர் என்றேன்.
பிறகு, போகவில்லை என்றேன்.
பலகையைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள்,
அந்த எண்களைத் தான்தான் எழுதினவள் போல.

முந்நூற்றுத் தொண்ணூறைத்தான் உள்ளே தள்ளினேன்.
ஐந்துகள் இரண்டும் வரமாட்டோம் என்றன.

பஸ் தரிப்பிடத்தில் கையுறையைக் கழற்றிப்
பற்றுச்சீட்டின் முதுகில் கழித்துப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு டொலர் தொண்ணூறு சதம்.
போனவர்கள் செலவுக் கணக்கு எழுதுவார்கள்.
ஓரிடமும் போகாததற்கு இவ்வளவு.
பேனாவும் குளிரில் உறைந்து
கடைசிச் சைபரைப் பாதியில் விட்டது.

இரவு இரண்டு மணி, பத்து நிமிஷ இடைவேளை.
அங்கே காலை எட்டு.
கோட்டுப் பையில் திறப்போடு ஐந்துகள்.
ஒன்றை எடுத்துப் பாலத்தின் பக்கம் மேலே வைத்து
மாவு விரலால் வளைவுகளை எண்ணிக்கொண்டே
அழைத்தேன்.
மணி போனது.
பிறகு போகவில்லை. எடுத்திருந்தாள்.
குரல் இல்லை.
தூரத்தில் அந்தக் கிறீச்சு தொடங்கி
கிட்ட வந்து, இன்னும் கிட்ட வந்து

அது போய் முடியும்வரை
பழக்கப்படி
நானும் பேசாமல் நின்றேன்.